புளியங்குளத்து அம்மா

அக்காவின் கோழிகள் பகலில் தூங்கி வழியத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. மொத்தம் ஆறு கோழிகள். வாழ்வாதார உதவி என்று ஒரு நிறுவனம் கூட்டோடு கொண்டுவந்து இறக்கி, அக்காவைப் பதாகை பிடிக்க வைத்துப் படமும் எடுத்துக்கொண்டு போனது. அன்று காலை பத்து மணி வெயிலில் அவற்றில் இரண்டு, தவிட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே கழுத்தை மடித்துப் போட்டுக் கிடந்தன. ஏதோ நோய் வந்துவிட்டது என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். தவிட்டுக்குள் கரைந்தும் கரையாமலும் ஒரு மருந்துக் குளிசை கிடந்தது.

அது நான் என் கையால் கொடுக்கிற குளிசை. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் வரிசையில் நின்று வாங்கி வருவேன். பொழுதுபடும் நேரம் அக்காவுக்குச் சாப்பாடு போட்டு, குளிசையைக் கையில் வைத்து, தண்ணீரும் கொடுத்து, "விழுங்கியாச்சோ?" என்று கேட்பேன். "ஓமடி" என்பாள். நான் அடுத்த வளவிலிருக்கிற என் வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்து, நான் படலையைச் சாத்தியதும் துப்பிவிட்டு, விடியத் தவிட்டோடு சேர்த்துக் குழைத்திருக்கிறாள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"சும்மா எறியிறதே? வரிசையில நிண்டு வாங்கினதெல்லோ" என்றாள்.

சண்டை முடிந்து அகதி முகாமில் இருந்து வந்தவர்கள் யாரும் வரிசையில் நின்று வாங்கியதை எறிய மாட்டார்கள். அந்த மாதம் டொக்டர் அளவைக் கூட்டி எழுதியிருக்காவிட்டால் கோழிகள் என்னிடம் மாட்டியிருக்காது. எட்டு மாதமாக வைத்தியம் கோழிகளுக்குத்தான் நடந்திருக்கிறது.

இதில் மானம் போவது எனக்குத்தான். ஏனென்றால் என் தொழிலே இதுதான். நான் ஓர் உளசமூகப் பணியாளர். சண்டையில் அடிபட்டு, நித்திரை போய், பேச்சுப் போய், சத்தம் கேட்டால் நடுங்குகிற சனங்களின் வீடுகளுக்குப் போய்க் கதைத்து, தேவையானவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வருவது என் வேலை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நான் ஏறி இறங்காத படலை குறைவு. ஊருக்குத்தான் உபதேசம், உனக்கல்லடி பெண்ணே என்பார்கள். அதைச் சொன்னவருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது.

முகாமிலிருந்து வெளியே வந்து மூன்றாம் மாதம் இந்த வேலைக்கு எடுத்தார்கள். உயர்தரம் படித்திருந்தேன், சைக்கிள் ஓடத் தெரியும், அழாமல் கதைப்பேன். அவ்வளவு தகுதி போதுமாக இருந்தது. வவுனியாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், பயிற்சி. குளிரூட்டி போட்ட மண்டபம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண்மணி ஆங்கிலத்தில் சொல்ல, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் தமிழில் சொன்னார். முதல் நாளே ஒரு பெரிய கடதாசியும் நிறப் பேனைகளும் தந்து, உங்கள் வாழ்க்கையை ஓர் ஆறாக வரையுங்கள் என்றார்கள். அந்த மண்டபத்தில் இருந்த எல்லோரும் அதே முகாமிலிருந்து வந்தவர்கள். எல்லோரும் பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, இடம்பெயர்ந்தது என்று ஆற்றை வரைந்துகொண்டு வந்து, ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, மிச்சக் கடதாசியில் பூ வரைந்தோம். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை, ஆனாலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் பூவுக்கு மாறியிருந்தோம். அந்தப் பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் நம்பிக்கையைப் பாராட்டினார்.

நான் வரைந்தது செவ்வரத்தம் பூ. நன்றாகத்தான் இருந்தது.

அங்கே சொல்லித் தந்தவற்றில் இரண்டு விஷயம் எல்லோருக்கும் மனப்பாடம். ஒன்று, யார் எதைச் சொல்லி அழுதாலும், "இதில உங்களில ஒரு பிழையும் இல்லை" என்று சொல்ல வேண்டும். மற்றது, அவர்கள் தனித்துப்போனதாக உணராதபடி, இதேபோல இன்னொருவருக்கும் நடந்து அவர் மீண்டு வந்த கதையைச் சொல்ல வேண்டும். இவற்றோடு ஒரு படிவமும் தந்தார்கள். கடந்த இரண்டு கிழமையில் நித்திரை எப்படி, பசி எப்படி, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா, எத்தனை நாள் வந்தது. முள்ளியவளையில் ஒரு தோட்டக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இரண்டு கிழமையா நான் நல்லாத்தான் இருக்கிறன் பிள்ளை. அதுக்கு முந்தினதை எந்த ஃபோமில கேப்பியள்?" அவருக்குப் பக்கத்து வீட்டு மனிசியோ படிவத்தைக் கண்டதும், "எத்தினைக்கு ஓம் சொன்னா வீட்டுத்திட்டம் தருவினம்?" என்று கேட்டாள். அவளைக் கோபிக்க முடியாது. படிவம் என்று வந்தால் தகரமோ, ஆடோ, கோழியோ பின்னால் வரும் என்று பழக்கியவர்கள் நாங்கள்தான்.

மீண்டு வந்தவரின் கதைக்கு நான் எங்கே போவது? எனக்குத் தெரிந்து மீண்டு வந்தவர் என்று ஒருவரும் இருக்கவில்லை. வேலை தொடங்கிய முதல் கிழமையில், இரண்டு பெடியளையும் பறிகொடுத்த ஒரு தாய்க்கு முன்னால் வாய் வறண்டுபோய் இருந்தபோது, தானாக வந்தது: "புளியங்குளத்தில ஒரு அம்மா இருக்கிறா. அவாவுக்கும் உங்களைப்போலத்தான்." ஏன் புளியங்குளம் என்றால், வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வரும்போது கண்ணில் படுகிற சந்தி அது. எங்கள் பக்கத்துச் சனத்துக்கு அங்கே சொந்தக்காரர் இல்லை. போய் விசாரிக்க மாட்டார்கள். அந்தத் தாய் அன்று பாதிக் கோப்பை தேத்தண்ணி குடித்தாள். எனக்குப் பெரிய வெற்றி.

பிறகு அந்தப் புளியங்குளத்து அம்மா படாத பாடில்லை. பிள்ளையை இழந்தவர்களிடம் போனால் அவளும் பிள்ளையை இழந்தாள். கால் போனவரிடம் போனால் அவளுக்கும் ஒரு கால் போனது. புருஷனை இராணுவத்திடம் கையளித்துவிட்டுக் காத்திருப்பவர்களிடம் அவளும் புருஷனைக் கையளித்தாள். ஒரே மாதத்தில் ஏழு வகையாகத் துன்பப்பட்டு, ஏழிலிருந்தும் மீண்டு, கடைசியில் இடியப்பம் அவித்து விற்றுச் சீவித்தாள். எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் நான் நன்றாகக் கதைக்கிறேன் என்று பெயர் வந்தது.

அக்காவுக்கும் அவளைச் சொன்னேன். அதுதான் நான் விட்ட பிழை. ஆனால் முதலில் அக்காவுக்கு என்ன வருத்தம் என்பதைச் சொல்ல வேண்டும்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். தாய் தகப்பன் போன பிறகு என்னை வளர்த்தவள். அவளுடைய புருஷன் கடைசிச் சண்டைக்கு முன்பே ஷெல் விழுந்து செத்துப்போனார். அவளுக்கு ஒரே மகள். அந்தச் சண்டையின் கடைசி மாதங்களில் கடற்கரை மணலில் ஒரு தறப்பாள் கூடாரமும் அதற்குள் ஒரு பதுங்குகுழியுமாக நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். பிள்ளைக்கு ஒன்பது வயது. ஒரு காலை, கஞ்சி கொடுக்கிற இடத்துக்கு வாளியோடு போன பிள்ளை ஷெல் விழுந்து செத்துப்போனாள். அந்த நேரம் அக்கா மூன்று நாள் காய்ச்சலில் பதுங்குகுழிக்குள் நித்திரையாகக் கிடந்தாள்.

அன்றைக்குப் பிறகு அக்கா படுத்து நித்திரை கொண்டதில்லை. பதினைந்து வருசத்துக்கு மேல். தர்மபுரத்தில் மீளக்குடியேறிக் கல்வீடு கட்டித் தந்தும், கட்டில் ஒன்று கிடைத்தும், அந்தக் கட்டிலில் நெல்லு மூட்டைதான் கிடந்தது. அவள் ஒரு பிளாஸ்டிக் கதிரையை வாசல் கதவுக்கு நேரே போட்டுக்கொண்டு இருப்பாள். மடியில் தண்ணீர் நிரப்பிய சில்வர் செம்பு. கண் சொருகினால் செம்பு சரிந்து சீமெந்து நிலத்தில் விழும். திடுக்கிட்டு முழித்துக்கொள்வாள். எழும்பிக் கிணற்றடிக்குப் போய் மறுபடி நிரப்பிக்கொண்டு வருவாள். செம்பு விழுவதற்கு முந்தின அந்தக் கண் சொருகல்கள்தான் அவளுடைய முழு நித்திரையும். கால் இரண்டும் வீங்கி, கண் உள்ளே போய், ஐம்பது தாண்டுவதற்குள் எழுபது வயதுக்காரிபோல ஆகிவிட்டாள். என் வீட்டுக் குசினியில் நின்றால் வேலிக்கு அப்பால் செம்பு விழுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான். "நான் முழிப்பா இருந்திருந்தா அவளை விட்டிருக்க மாட்டன்."

ஊர் முழுக்க இந்தக் கதை தெரியும். தாய் நித்திரை, பிள்ளை தானாக வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கிளினிக் கோவையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அது என் கையெழுத்து.

பிள்ளை தானாகப் போகவில்லை. நான்தான் அனுப்பினேன்.

அன்று கஞ்சி எடுக்கப் போக வேண்டியது நான். முதல் நாள் அந்தப் பக்கம் ஷெல் விழுந்து ஆட்கள் செத்ததை நான் கண்ணால் கண்டிருந்தேன். எனக்குப் பயம். வேறு ஒரு காரணமும் இல்லை. காலில் நோ, தலைச்சுற்று என்று சொல்லலாம், ஆனால் அப்படியொன்றும் இல்லை, பயம்தான். பிள்ளையிடம் வாளியைக் கொடுத்தேன். அவள், "சித்தி, நீங்கள் போங்கோவன்" என்றாள். நான் சொன்னேன்: "சின்னப் பிள்ளையள் எண்டா வரிசையில முன்னுக்கு விடுவினம். கெதியா வந்திடலாம்." அது பொய்யில்லை. சின்னப் பிள்ளைகளை முன்னுக்கு விடுவார்கள்தான். அன்றும் முன்னுக்குத்தான் விட்டிருந்தார்கள். வரிசையின் முன்பக்கத்தில்தான் ஷெல் விழுந்தது.

அக்கா முழித்து, பிள்ளை எங்கே என்று கேட்டபோது என் வாயில் வந்தது, "அவள் தானாப் போட்டாள் அக்கா, நான் காணேல்லை." அந்த நேரம் உலகமே இடிந்துகொண்டிருந்தது, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு முகாம். பிறகு மீள்குடியேற்றம். பிறகு எனக்கு வேலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று யார் சொன்னது? சாப்பிடுகிறவர் தட்டைக் குனிந்து பார்க்காவிட்டால் தாராளமாக மறைக்கலாம். அக்காவை விட்டால் எனக்கு வேறு ஒருவரும் இல்லை. உண்மையைச் சொன்னால் அவளும் இல்லை. அந்தக் கணக்கைப் பார்த்துப் பார்த்தே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வாயை மூடிக்கொண்டு என்ன செய்தேன் என்றால், அவளுக்கு மனநலம் படிப்பித்தேன். "இதில உங்களில ஒரு பிழையும் இல்லை அக்கா" என்று எத்தனையோ முறை சொல்லியிருப்பேன். என்னுடைய வேலையில் அந்த வசனத்தை முழு உண்மையாகச் சொன்னது அவளிடம் மட்டும்தான். அவள் தலையாட்டுவாள். எல்லோருக்கும் அதையேதான் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். பயிற்சிக் காலத்தில் அவளையே முன்னால் இருத்தி, நான் அதைச் சொல்லிப் பழகியிருக்கிறேன்.

அப்படி ஒரு நாள்தான் புளியங்குளத்து அம்மாவையும் சொன்னேன். அவளுக்கும் ஒரு மகள், அவளும் நித்திரையாக இருந்த நேரம்தான் மகள் போனாள், ஆனால் இப்போது பாயில் படுத்து நித்திரை கொள்கிறாள் என்றேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் கோயில் பஸ் ஒன்றில் வவுனியாவுக்குப் போன சனத்தோடு அவளும் போனாள். வீட்டை விட்டு அசையாதவள் போகிறாளே என்று நானும் சந்தோஷப்பட்டு, மாத அறிக்கையில் முன்னேற்றம் என்று எழுதினேன்.

திரும்பி வரும்போது புளியங்குளம் சந்தியில் தேத்தண்ணிக்கு பஸ் நின்றிருக்கிறது. அக்கா இறங்கி, கடை கடையாகப் போய், மகளைப் பறிகொடுத்து இடியப்பம் அவித்து விற்கிற மனிசியின் வீடு எது என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரர், ஓட்டோக்காரர், பஸ் பார்த்துக்கொண்டு நின்ற சனம், ஒருவருக்கும் தெரியவில்லை. பஸ் ஹோர்ன் அடித்தும் ஏறாமல் ஒரு குறுக்கு வீதிக்குள்ளும் போய்ப் பார்த்தாளாம். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"உன்ர புளியங்குளத்து மனிசி வீட்டில இல்லையடி."

அக்கா சிரித்தாள். பிள்ளை செத்த பிறகு அவள் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன். "ஒருக்கா அவாவோட கதைச்சா நல்லா இருக்கும் போல கிடந்தது. எப்பிடிப் படுத்தனீங்கள் எண்டு கேக்கலாம் எண்டு போனனான்" என்றாள். கோபம் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் புளியங்குளம் என்றால் ஆறுதலுக்குச் சொல்கிற பொய் என்று ஆகிவிட்டது. காணாமல்போனவர்களின் விஷயம் விரைவில் முடிவுக்கு வரும் என்று வானொலியில் யாரோ சொன்னால், "அதுவும் புளியங்குளம்" என்பாள். டொக்டர் அவளைப் பார்த்து, "இப்ப முகம் தெளிவா இருக்கு" என்றால், வெளியே வந்து என்னிடம் கேட்பாள், "இவருக்கும் நீதான் புளியங்குளம் பழக்கினனியோ?"

கோழி விஷயம் தெரிந்த அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எத்தனை நாள் வரிசையில் நின்றிருப்பேன் என்று கத்தினேன். அவள் சொன்னாள்: "அதைப் போட்டா நித்திரை வருமடி. நான் நித்திரை கொள்ளக் கூடாது." எட்டுச் சொல். நான் பயின்ற மூன்று கிழமையிலும் இதற்குப் பதில் இல்லை. பதில் என்னிடம்தான் இருந்தது.

அப்போதும் சொல்லவில்லை. பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த மாதிரி, அதற்கு அடுத்த கிழமை அக்கா அடுப்பில் விழுந்தாள். உலை வைத்துவிட்டுக் குந்தியிருந்தவளுக்குக் கண் சொருகிவிட்டது. குசினியில் செம்பு வைத்திருக்கவில்லை. வலது கை முழங்கை வரை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் அந்த டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துப் பெடியன், சின்ன வயசு, நல்லவர்.

"பிறஷரும் கூடிப்போய்க் கிடக்குது. நித்திரை இல்லாம இந்த உடம்பு கனநாளைக்குத் தாங்காது. அடுப்பில விழாட்டி கிணத்தில விழுவா" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீங்களே இந்த வேலைதானே செய்யிறீங்கள். அவா உங்கட சொல்லைத்தான் கேப்பா. ஏதாவது சொல்லிப் பாருங்கோ."

ஏதாவது. ஸ்கூட்டியில் வரும் வழி முழுக்க அந்தச் சொல்தான். அக்கா செத்தால் என்னால் செத்தவர்கள் இரண்டு பேர். அன்று நான் முடிவெடுத்தேன் என்று சொன்னால் தைரியசாலிபோல இருக்கும். உண்மையில், இனிமேலும் சொல்லாமல் இருக்கப் பயந்துபோய்த்தான் சொன்னேன். பயம்தான் அன்றும் என்னை நடத்தியது, இன்றும் அதுதான்.

பொழுது சாய்கிற நேரம். அக்காவின் கட்டுப்போட்ட கை மடியில் கிடந்தது. நான் சோற்றைக் குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கவளத்தில் சொன்னேன்.

"அக்கா, அவள் தானாப் போகேல்லை. நான்தான் அனுப்பினனான்."

அவள் மென்றுகொண்டிருந்தாள்.

"அண்டைக்குப் போக வேண்டியது நான். எனக்குப் பயமா இருந்தது. அவள் மாட்டன் எண்டவள். சின்னப் பிள்ளையளை முன்னுக்கு விடுவினம் எண்டு சொல்லி வாளியைக் கையில குடுத்து விட்டது நான். நீங்கள் முழிப்பா இருந்திருந்தாலும் நான் அனுப்பித்தான் இருப்பன். உங்கட நித்திரையால ஒண்டும் நடக்கேல்லை."

அக்கா விழுங்கினாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்றும் நினைத்தேன். வெந்த கையால் அடிக்க முடியாதே என்று ஒரு புத்தி கெட்ட யோசனையும் வந்தது. அவள் முகம் மெல்ல இளகியது.

"ஏனடி, இந்த முறை புளியங்குளத்தில ஆள் கிடைக்கேல்லையோ?"

நான் சோற்றுத் தட்டைக் கீழே வைத்தேன். "இல்லை அக்கா. இது உண்மை. சத்தியமா உண்மை."

"ஓம், ஓம், உண்மைதான்." வருத்தக்காரருக்குச் சொல்கிற குரல். நான் மற்றவர்களுக்குச் சொல்கிற அதே குரல். "அந்த டொக்டர்ப் பெடியன் சொல்லிவிட்டவரோ? கூப்பிட்டுக் கதைச்சதைக் கண்டனான்."

"அவர் ஒண்டும் சொல்லேல்லை. பிள்ளையாணை அக்கா..."

இடது கையால் என் வாயைப் பொத்தினாள். "செத்த பிள்ளையில ஆணையிடாத. எனக்காண்டி உன்ர தலையில பழியைப் போடாத. அவளுக்கு வாளியோட ஓடுறதெண்டாப் போதும், சொல்வழி கேளாள். எனக்குத் தெரியாதே? நீ அவளை அனுப்புவியோ? நீயெல்லோ அவளைத் தூக்கி வளர்த்தனி. நீ மாட்டாய்."

நான் மாட்டேன் என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. வாளி என்ன நிறம், பிள்ளை என்ன சட்டை, எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள் என்றெல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல எனக்கே அது நான் கட்டிய கதைபோல ஒலித்தது. எத்தனை வீடுகளில் எத்தனை அம்மாக்களின் வாளிக்கும் சட்டைக்கும் நிறம் பூசியிருப்பேன். அந்த வாய்தான் இதையும் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அழத் தொடங்கினேன். அக்கா அதைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"சரி, அழாத. குளிசையைக் கொண்டா."

கொண்டுவந்து கொடுத்தேன். வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்து, வாயைத் திறந்து, நாக்கையும் தூக்கிக் காட்டினாள். "இந்தா பார், போட்டிட்டன். ஒவ்வொரு நாளும் போடுறன். இனி உப்பிடியெல்லாம் கதைக்கக் கூடாது, என்ன? தாங்கேலாது எனக்கு."

அவ்வளவுதான். பதினைந்து வருசமாக நான் பயந்துகொண்டிருந்த நாள் அப்படித்தான் முடிந்தது. அக்கா நெல்லு மூட்டையை இறக்கச் சொன்னாள். கட்டிலில் சரிந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் வாய் திறந்தபடி நித்திரையாகிவிட்டாள்.

தன் தங்கைச்சி தனக்காகப் பொய் சொல்லி அழக் கூடாது என்பதற்காக அவள் இப்போது நித்திரை கொள்கிறாள். பிழை தன்னுடையது என்ற நினைப்பு அவளிடம் அப்படியே இருக்கிறது. அதை நான் அசைக்கவில்லை. அதற்கு மேலே ஒரு குளிசையை வைத்துவிட்டேன், அவ்வளவுதான். கால் வீக்கம் வடிந்தது. கை ஆறியது. பிறஷர் இறங்கியது. கிளினிக்கில் டொக்டர் கோவையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "கெட்டிக்காரி. என்ன செய்தனீங்கள்?"

"கதைச்சனான்" என்றேன்.

அவருக்கு அது பிடித்துப்போனது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு நாள் வகுப்பு வைத்தபோது, என்னை எழுப்பி அனுபவத்தைச் சொல்லச் சொன்னார். மருந்து எடுக்க மறுத்த ஒருவரை, உறவை வைத்து, பொறுமையாகக் கதைத்து எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று பத்து நிமிடம் சொன்னேன். நல்ல பிள்ளைகள், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு முள்ளியவளைப் பக்கம் ஒரு வீட்டுக்கு அவர்களில் ஒருத்தியோடு போயிருந்தேன். அழுதுகொண்டிருந்த ஒரு மனிசியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை சொல்கிறாள்: "தர்மபுரத்தில ஒரு அம்மா இருக்கிறா. அவாவுக்கும் உங்களைப்போலத்தான். பதினைஞ்சு வருசம் நித்திரையில்லை. இப்ப வடிவா நித்திரை கொள்ளுறா." மனிசி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், அந்த அம்மாவின் வீடு எந்தப் பக்கம் என்று. நான் எழும்பி வெளியே போய் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

செம்பு இப்போது குசினி அலுமாரிக்கு மேலே கவிழ்ந்து கிடக்கிறது. வேலிக்கு அப்பால் அந்தச் சத்தம் கேட்பதில்லை. அது கேட்கிறவரை, அக்கா முழித்திருக்கிறாள், இன்னும் சொல்ல நேரமிருக்கிறது என்று ஓர் எண்ணம் எனக்கு இருந்திருக்கிறது. இப்போது சொல்லியும் ஆயிற்று. திரும்பச் சொல்ல ஒன்றும் இல்லை. மன்னிப்பார்கள் அல்லது துரத்துவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

போன கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா எழும்பி இருந்து என்னைப் பார்த்தாள். நித்திரையால் முகம் உப்பியிருந்தது.

"நீ என்னடி, கண்ணெல்லாம் உள்ளுக்குப் போட்டுது. படுக்கிறேல்லையோ?"

"படுக்கிறனான் அக்கா."

"புளியங்குளம்" என்றாள். கடதாசிப் பையைத் திறந்து தன் குளிசையில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். செம்பை எடுத்துத் துடைத்து, தண்ணீர் நிரப்பித் தந்தாள். "போடு. எனக்கு முன்னாலயே போடு."

போட்டேன். தண்ணீரைக் குடித்தேன்.

"விழுங்கியாச்சோ?"

"ஓம் அக்கா."

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுடைய மூச்சு சீராகும்வரை நின்றுவிட்டு, படலையைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, கன்னத்துக்குள் இருந்ததை வேலியோரம் துப்பினேன். ஒரு கோழி ஓடி வந்தது.